தலைநகரில் கல்வி: தேர்வும் தெளிவும்
(செவ்வாப்பேட்டையில் ஆற்றிய விழா உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த இல்லங்களில் இப்போது ஒரே பேச்சு, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பதுதான். "சென்னையில் இடம் கிடைத்தால் போதும், பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணும் பெற்றோரும் உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தலைநகருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவு பழையது. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1929இல்தான். அதுவரை தமிழ்நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் சென்னையே. அந்தப் பெருமையின் நிழல் இன்றும் நம் மனத்தில் படிந்திருக்கிறது.

ஆனால் கல்வி ஊர்ப்பெயரால் வருவதன்று. சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறே இதற்குச் சான்று. 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் உ.வே. சாமிநாதையர் அக்காப்பியத்தைக் கையில் எடுத்தார். அதிலுள்ள சமணக் கோட்பாடுகள் விளங்காதபோது அவர் நாடிச் சென்றது கும்பகோணத்துச் சமண இல்லங்களையே. அந்நூலை மரபாகப் பயின்றுவந்த இல்லறத்தார் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். எனினும் 1887இல் நூல் அச்சானது சென்னையில். பொருள் கிடைத்த இடம் ஒன்று. அதை உலகுக்கு அளிக்கும் வசதி கிடைத்த இடம் மற்றொன்று. எதற்காக எங்கே செல்ல வேண்டும் என்பதை அப்பெருமகனார் அறிந்திருந்தார்.

நம் சமூகத்துப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் முதல்வராகவும் விளங்கினார். நீலகேசியை உரையுடன் 1936இல் பதிப்பித்தவரும் அவரே. இரண்டு ஊர்களும் அவருடைய புலமைக்குக் களமாயின.

ஆகவே, சென்னையைத் தேர்ந்தால் அங்கே மட்டும் கிடைப்பதைத் தேடிப் பெறுதல் வேண்டும். இந்தியாவில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்றான கன்னிமாரா எழும்பூரில் இருக்கிறது. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமணவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மூன்றாண்டு படித்தும் இவற்றின் வாயிலை மிதியாதவருக்குத் தலைநகரம் வெறும் முகவரியே.

செவ்வாப்பேட்டையில் வாழ்வோர்க்கு ஒரு நற்பேறு உண்டு. புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல். விடுதிச் செலவு இல்லை; வீட்டு உணவும் வீட்டு ஒழுக்கமும் தொடரும். ஆயின் மாலை வகுப்போ நூலகமோ முடிந்து திரும்புமுன் கதிரவன் மறைந்துவிடும். இரவுண்ணா நோன்பைக் காக்கும் பிள்ளைக்கு மாலைச் சிற்றுண்டியையும் காலையிலேயே கட்டிக்கொடுப்பது தாய்க்கு மட்டுமன்று, தந்தைக்கும் உரிய கடமை.

விண்ணப்பத்தை நிரப்புமுன் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. விரும்பும் பாடம் எது? அதை நன்கு கற்பிப்போர் எங்குளர்? அந்த ஊர் தருவதைப் பெற நேரமும் மனமும் உண்டா? விடை சென்னை எனில் மகிழ்ச்சியோடு செல்க. வேறு ஊர் எனினும் தயங்காது செல்க.

கல்வி சிறக்க! அறம் வளர்க!