விமானியின் நேர்முகத் தேர்வு



வானில் பறப்போரைப் பற்றிப் பேசுவதற்கு, மண்ணிலேயே காலங்கழித்த பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. விமானத்தின் முன்னறையை நான் ஒரு முறையேனும் எட்டிப் பார்த்தவன் அல்லன். ஆயினும் எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் இன்று வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றில் விமானியாக இருக்கிறார். அவ்வேலைக்காக அவர் மூன்று முறை நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஒரு முறை தோற்றார். இரு முறை வென்றார். மூன்று முறையும் போகுமுன்னும் வந்தபின்னும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினார். அவருடைய இசைவு பெற்றே இன்று அவற்றைக் கூறுகிறேன். அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் நமக்கு வேண்டா.

வெளிநாட்டார் நம் விமானிகளை ஏன் தேடுகின்றனர் என்பதை முதலில் காண்போம். பாரசீக வளைகுடாவின் கரையிலுள்ள நாடுகளுட் பல மக்கட்டொகையிற் சிறியவை. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டு, பாகிஸ்தான் நிறுவனத்திடம் இரவலாகப் பெற்ற விமானங்களுடன் தொடங்கிற்று. தோகாவின் கத்தார் ஏர்வேஸ் 1994-இலும், அபுதாபியின் எத்திஹாத் 2003-இலும் பறக்கத் தொடங்கின. கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் இடையே அமைந்த அந்நகரங்கள் விரைவிலேயே உலகப் பயணிகள் இறங்கி ஏறும் பெருஞ்சந்திகள் ஆயின. விமானங்கள் பெருகிய வேகத்தில் அந்நாட்டு மக்களிடையே விமானிகள் பெருக இயலுமா? ஆகவே பல நாடுகளிலிருந்தும் விமானிகள் வரவழைக்கப்படுகின்றனர். ஊதியம் மிகுதி, வருமான வரி இல்லை, குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணந்தான். ஆசை எழுவதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வாசல் எளிதில் திறவாது. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தலைமை விமானியாகும் தகுதி தரும் உயர் உரிமத்திற்கு 1500 மணி நேரம் வேண்டும். நம் மாணவர் முதன்முறை விண்ணப்பித்தபோது, உள்நாட்டு நிறுவனம் ஒன்றில் ஏர்பஸ் 320 விமானத்தின் துணை விமானியாக ஏறத்தாழ 4000 மணி நேரம் பறந்திருந்தார். ஒவ்வொரு பயணத்தையும் குறித்து வைத்த பதிவேட்டை அவர்கள் வரி வரியாகச் சோதிக்கின்றனர். அதில் ஒரு மணி நேரத்தைப் பொய்யாகக் கூட்டி எழுதியவனுக்கும் அங்கே இடமில்லை. ஆங்கிலப் பேச்சுத் திறனையும் அளக்கின்றனர். 2008 முதல் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஆறு படிகளுள் நான்காம் படியையேனும் எட்டியிருக்க வேண்டும். கண், காது, இதயம் எல்லாம் மருத்துவச் சோதனைக்கு உட்படும். உரிமம் கையில் உள்ளவரை இச்சோதனை அவரை விட்டு நீங்குவதில்லை.

அடுத்தது சிமுலேட்டர் சோதனை. சிமுலேட்டர் என்பது தரையை விட்டு எழும்பாத ஒரு விமான முன்னறை. உள்ளே அமர்ந்தவனுக்கு வானமும் ஓடுபாதையும் தெரியும். குலுங்கலும் சாய்வும் மெய்யாகவே தோன்றும். விமானம் ஓடுபாதையில் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்துவிட்டால் நிறுத்த இயலாது, எழும்பியே தீரவேண்டும். அந்த வேகத்தைக் கடந்த நொடியில் ஓர் எஞ்சினை அணைத்துவிடுவர். விமானம் அணைந்த எஞ்சினின் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கக் காலால் சுக்கானை மிதித்து அதை நேராக நிறுத்தி, மேலே ஏறி, வட்டமிட்டு, ஒற்றை எஞ்சினிலேயே இறக்கிக் காட்ட வேண்டும். நம் மாணவர் 2016-இல் இதனைக் குறைவின்றிச் செய்து முடித்தார். வேலை கிடைத்துவிட்டதென்றே எண்ணினார்.

கடைசியாக நேர்முகத் தேர்வு. மேசைக்கு அப்பால் மூத்த தலைமை விமானி ஒருவரும், நிறுவனத்தின் அலுவலர் ஒருவரும் அமர்ந்திருந்தனர். எஞ்சினைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ கேட்பார்கள் என்று இவர் இரவெல்லாம் படித்துச் சென்றிருந்தார். அவர்கள் கேட்டதோ வேறு. "பணியில் நீங்கள் செய்த பெரிய தவறு ஒன்றைக் கூறுங்கள்" என்றார் தலைமை விமானி.

"குறிப்பிடத்தக்க தவறு எதுவும் செய்ததில்லை" என்று இவர் விடையளித்தார்.

"உங்கள் தலைமை விமானியோடு நீங்கள் மாறுபட்ட நேரம் ஒன்றைக் கூறுங்கள்."

"மூத்தவர்களை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை."

இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது.

"ஐயா, பணிவாகத்தானே நடந்துகொண்டேன்? ஏன் தள்ளினார்கள்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்கும் விடை தெரியவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன், படித்ததும் திடுக்கிட்டேன்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கனேரித் தீவுகளுள் ஒன்றான டெனெரீஃபில் கடும் மூடுபனி. அண்டைத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்தமையால், பல விமானங்கள் இங்கே திருப்பி விடப்பட்டிருந்தன. ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு நாட்டு கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747. அதே ஓடுபாதையில் எதிரே மெல்ல உருண்டு வந்தது பான் அமெரிக்கன் நிறுவனத்தின் மற்றொரு 747. டச்சு விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். அந்நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சியளித்த பெரியவர். புறப்பட அனுமதி வருமுன்னரே அவர் விமானத்தைச் செலுத்தலானார். உடனிருந்த விமானப் பொறியாளர், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாகக் கூறினார். அதற்குமேல் எவரும் வாய் திறக்கவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். விமானப் போக்குவரத்து வரலாற்றில் விமானங்கள் மோதி நேர்ந்த விபத்துகளுள் இதனினும் கொடியது இல்லை.

இதனையும் இதுபோன்ற பிற விபத்துகளையும் ஆராய்ந்தோர் கண்டது என்ன? எந்திரம் பழுதின்றி இருந்தும், அறையிலிருந்த ஒருவர் அறிந்த உண்மை மற்றவர் காதில் ஏறாமையால் விமானங்கள் விழுந்திருக்கின்றன. அதன்பின் உலகெங்கும் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சி புகுத்தப்பட்டது. மூத்தவர் கேட்கக் கற்க வேண்டும். இளையவர் சொல்லக் கற்க வேண்டும். தவறிழைத்தவர் அதனை மறையாமல் எழுதித்தர வேண்டும். 'தவறே செய்ததில்லை' என்பவர் ஒன்று தம் தவற்றை அறியாதவர், அல்லது மறைப்பவர். இருவரையும் முன்னறையில் அமர்த்த அந்நிறுவனத்திற்கு மனமில்லை.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த விடைகளை அவருக்குக் கற்பித்தவன் யார்? முப்பதாண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நின்ற நான் அல்லவா? கரும்பலகையில் நான் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டபோது, பின்வரிசையிலிருந்து எழுந்து சுட்டிக்காட்டிய சிறுவனை "உட்கார்" என்று அதட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அச்சிறுவன் இவர் அல்லர். ஆனால் இவரும் அவ்வகுப்பில் இருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவன் கேள்வி கேட்கத் தூண்டுவது எப்படி என்று பாடம் படித்துச் சான்றிதழும் பெற்றவன்தான் நான்.

ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. 2017-இல் அவர் மறுபடியும் அம்மேசையின் முன் அமர்ந்தார். அதே கேள்வி. மழை நாளொன்றில் தாம் இறங்குமுகத்தில் உயரத்தைத் தவறாகக் கேட்டுப் பதிந்ததையும், தலைமை விமானி கண்டு திருத்தியதையும், அன்று முதல் எண்களைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தாம் மேற்கொண்டதையும் ஒளிக்காமல் கூறினார். வேலை கிடைத்தது.

இனி வீட்டுக்கு வருவோம். உண்மையில் கடினமான தேர்வு அங்கேதான் நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் சென்றவர் ஒருவர். ஊரை விட்டுப் பெயர வேண்டியவர்கள் மூவர். மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்தாள். வயது முதிர்ந்த தாயார் ஊரை விட்டு வர மறுத்தார். அம்மூவரையும் அமர்த்தி எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. மாணவன் வென்ற மகிழ்ச்சியில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

2017-ஆம் ஆண்டு விதிப்படி துணை விமானி ஆறு மாதமும், தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த ஆறு மாதத்தில் செய்திருக்க வேண்டிய வேலைகள் பல. அயல்நாட்டில் குடும்பத்துக்கு விசா பெறத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அவற்றில் முதலில் மாநில அரசும், பின்னர் வெளியுறவு அமைச்சகமும், இறுதியில் அந்நாட்டுத் தூதரகமும் முத்திரையிட வேண்டும். இவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே 2018 ஏப்ரலில் தாம் மட்டும் போய்ச் சேர்ந்தார். மனைவியும் மகளும் ஒன்பது வாரம் கழித்தே போக முடிந்தது. அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவதால், மகள் தொடக்கப் பாடங்களை இழந்தாள். மனைவி விடுப்புக் கேட்டுப் பார்க்காமலே வேலையைத் துறந்திருந்தார். கணவர் மாதத்தில் பாதி நாள் வானிலும் அயல் நகரத்து விடுதிகளிலும் இருந்தார். இருபதாம் மாடியில் தாயும் மகளும் கோடை வெயிலைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஈராண்டு அவ்வாறு சென்றது. பழகியும் விட்டது, மகளுக்கு நண்பர்கள் கிடைத்தனர்.

2020-இல் கொரோனா நோய் பரவி உலகின் விமானங்களைத் தரையிறக்கியது. உலகெங்கும் நிறுவனங்கள் விமானிகளை ஆயிரக்கணக்கில் நீக்கின. நம் மாணவருக்கும் ஒரு நாள் மாலை கடிதம் வந்தது. வளைகுடா நாடுகளில் வேலையும் குடியிருப்பு உரிமையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால் விசா போகும். மனைவி மக்கள் விசாவும் அதனோடு போகும். நிறுவனம் தந்த வீடும் போகும். குறித்த நாள்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். எல்லா நிறுவனங்களும் முடங்கிக் கிடந்த வேளையில் எங்கே தேடுவது? நம் அரசு மே மாதம் 7-ஆம் நாள் தொடங்கிய வந்தே பாரத் மீட்பு விமானங்களுள் ஒன்றில் மூவரும் திரும்பினர். பல்லாயிரவரை ஏற்றிச் சென்றவர் முகமூடியணிந்து பயணியாய் அமர்ந்து வந்தார். பத்தாம் வகுப்பை மகள் ஊரில் கைப்பேசித் திரையில் படித்தாள். 2021-இல் மத்திய வாரியம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வையே கைவிட்டது. மனைவிக்குப் பழைய வேலை திரும்பக் கிட்டவில்லை. தனியார் பள்ளியொன்றில் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தார். பயணிகளுடன் பறக்கும் விமானி 90 நாள்களுக்குள் மூன்று முறையேனும் ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். இவரோ ஈராண்டு விமானத்தைத் தொடவில்லை.

2022-இல் பயணிகள் திரும்பினர். நீக்கிய நிறுவனமே மீண்டும் அழைத்தது. இவர் சொந்தப் பணத்தில் சிமுலேட்டரில் பயிற்சி செய்தார். ஆனால் விண்ணப்பம் அனுப்புமுன் வீட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தனர், நான் வாய் திறக்கவில்லை. முதலில் மகள் பேசினாள். "பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நான் பள்ளி மாறமாட்டேன், அப்பா" என்றாள். "எனக்கு அங்கே வேலை கிடைத்த பிறகே வருவேன்" என்றார் மனைவி. தாயாரோ, "நீ போ, அப்பா. எனக்கு உடம்பு சரியில்லையென்றால் உடனே சொல்லுகிறேன், சென்ற முறை மறைத்துவிட்டேன்" என்றார். அவர் மருத்துவமனையில் ஆறு நாள் கிடந்தது அன்றுதான் மகனுக்குத் தெரிந்தது.

நேர்முகத் தேர்வில் அவரிடம் கேட்டனராம்: "உங்களை அன்று வேலையை விட்டு நீக்கினோம். எங்கள்மீது வருத்தம் உண்டா?"

"உண்டு. என் மகளின் படிப்பு இருமுறை குலைந்தது. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. போகுமுன் வீட்டாரைக் கலக்கவில்லை. இம்முறை ஓராண்டு தனியாகவே வருவேன்" என்றார். அவர்கள் அதனைக் குறித்துக்கொண்டனர்.

அவர் அவ்வாண்டே போனார். மகள் 2023-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிச் சென்னையில் கல்லூரி சேர்ந்தாள். மனைவி தம் பட்டச் சான்றிதழ்களுக்கு எல்லா முத்திரைகளையும் முன்னதாகவே பெற்று, காணொலி வழியாக நேர்முகத் தேர்வு எழுந்தருளி — அவர் கணவர் சொன்ன சொல் இது — அங்குள்ள பள்ளியொன்றில் கணித ஆசிரியை ஆனார். தாயார் மாசி மாதம் போய் நான்கு வாரம் இருந்துவிட்டு வந்தார். ஊர் எப்படி என்று கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, உட்காரத்தான் ஒரு திண்ணை இல்லை என்றார்.