கணினிப் பெட்டிக்குள் காற்றின் வழி

கணினியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கலைப் பட்டதாரிக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரலாறு கற்பித்துப் பின்னர் கொட்டாஞ்சேனையில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராய் அமர்ந்த எனக்கு, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கின்றதென்று சில ஆண்டுகளுக்கு முன்புவரை தெரியாது. அந்த அறியாமையினால் ஒரு மாணவனைக் காரணமின்றிக் கடிந்துகொண்டேன். அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

எங்கள் கணினிக் கூடத்தின் நான்காம் வரிசையில், ஒருநாள் முற்பகல் 11 மணியளவில், சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் செய்முறை வேலையொன்றை முடிக்குந் தறுவாயில் கணினி திடீரென அணைந்துவிட்டது. சேமிக்காத பகுதி முழுவதும் போயிற்று. “விளையாட்டு எதையேனும் ஏற்றினாயா?” என்று கேட்டேன். “இல்லை சேர், அது தானாகவே நின்றது” என்றான். நான் நம்பவில்லை. இரண்டு வாரங்களுக்குக் கணினியைத் தொடக்கூடாதென்று கட்டளையிட்டேன். மறுவாரம் அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு பிள்ளைக்கு அதே கதி. பின்னர் கடிதமொன்றைத் தட்டச்சுச் செய்ய நானே அங்கு அமர்ந்தேன். என் கண்முன்னேயும் அது அணைந்தது.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, உட்பலகை தேய்ந்துவிட்டது, புதியது வாங்குவதே வழி என்றார். 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய பின்னர், புதியது வாங்குதல் என்பது எம்மைப் போன்ற பாடசாலைகளுக்குச் சொல்லுக்கு எளிதான காரியம். எங்கள் கணினி ஆசிரியைதான், “எறியுமுன் திறந்து பார்ப்போம், சேர்” என்று திருப்புளியை எடுத்தார்.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் கண்ட காட்சியை மறக்கவியலாது. துறைமுகத்திற்குப் போகும் பார ஊர்திகள் இரவு பகலாய் எழுப்பும் கரிய தூசி, செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. பெட்டியோ மரக் கூண்டுக்குள் பூட்டப்பட்டு, பின்புறம் சுவரோடு ஒட்டி நின்றது. போதாக்குறைக்கு, தூசி படாதிருக்கவென்று நானே தைப்பித்துக் கொடுத்த துணியுறை முன்பக்கம் மாத்திரம் உயர்த்தப்பட்டு, மற்றப் பக்கங்களை மூடிக் கிடந்தது! பூவேலை செய்த உறை. பரிசளிப்பு விழாவில் பலரும் பாராட்டியது.

செயலி என்பது கணக்கிடும் சிறு சில்லு. அது உண்ணும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். வெப்பநிலை 100 செல்சியஸ் பாகையை அண்மித்தால், பெரும்பாலான செயலிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்பாலும் சூடேறினால், எரிந்துபோகாமல் தம்மைக் காக்கும்பொருட்டு அணைந்துவிடும். அந்த மாணவன் சொன்னது உண்மை. அது தானாகவேதான் நின்றது.

இனி நாங்கள் செய்த முதற் பிழையைச் சொல்கின்றேன். சூடென்றால் விசிறியை வேகமாய்ச் சுழற்றவேண்டியதுதானே என்று எண்ணி, தூசியையும் கூண்டையும் அப்படியே விட்டுவிட்டு, எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் இட்டோம். கூடம் நெசவாலைபோல இரைந்தது. ஆசிரியையின் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. வெப்பநிலையோ மூன்று பாகைதான் இறங்கிற்று.

ஏன் அவ்வாறு என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. நிமிடத்திற்கு 1 கன மீற்றர் காற்றுப் பெட்டியினூடாகச் சென்று 100 வாற்று வெப்பத்தைச் சுமந்து செல்லுமாயின், அக்காற்று ஏறத்தாழ 5 பாகை சூடேறும். காற்றை இருமடங்காக்கினால் அவ்வுயர்வு இரண்டரைப் பாகையாகும். இத்தனை இரைச்சலுக்கும் இலாபம் இரண்டரைப் பாகையே. ஆனால் தூசியும் துணியும் அடைத்துக் காற்று நான்கிலொன்றாய்க் குறைந்தாலோ, அந்த 5 பாகை 20 ஆகிவிடும். அடைப்பை நீக்குவதில் உள்ள பயன் வேகத்தைக் கூட்டுவதில் இல்லை. இன்னொன்று: கொழும்பில் நண்பகல் வெப்பம் 30, 32 பாகை. அறையிலுள்ள காற்றைக்கொண்டு அறையைவிடக் குளிர்ச்சியாக எதனையும் ஆக்க எந்த விசிறியாலும் இயலாது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. காற்றுக்கு நுழைவாயிலும் வேண்டும், போக்கிடமும் வேண்டும். கணினிப் பெட்டியிலும் முன்புறத்துக் கீழ்ப்பகுதியால் காற்றுப் புகுந்து, பின்புறத்து மேற்பகுதியால் வெளியேறுவதே பொதுவான ஒழுங்கு. விசிறியின் நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கத்தில் உள்ளனவோ அந்தப் பக்கமாகவே காற்று வெளிப்படும். ஐயமிருப்பின் மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் கூடத்தில் இரண்டு பெட்டிகளில் பின்விசிறி திசைமாறிப் பூட்டப்பட்டு, வெளியே போகவேண்டிய சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

கூண்டுகளை அகற்றினோம். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டோம். மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, விசிறியின் இதழ்கள் சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தோம். செயலிக்கும் தகடுகளுக்கும் இடையேயுள்ள பசை காய்ந்திருந்தவற்றில் புதுப் பசை இட்டோம். 98 பாகை காட்டிய கணினி 70க்கு இறங்கிற்று.

அதன் பின்னரே வேகத்தை ஒழுங்கு செய்தோம், கூட்டவில்லை, குறைத்தோம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் விசிறி உண்ணும் மின்வலு எட்டிலொன்றாகும், இரைச்சல் 15 டெசிபல் அளவிற்குத் தணியும். கணினி தொடங்கும்போது தோன்றும் பயோஸ் அமைப்பில், எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகம் என்று குறிக்கலாம். அங்கே முன்கூட்டியே இடப்பட்ட அளவுகள் குளிர்நாட்டு அறைக்குப் பொருந்தலாம். எங்கள் ஊரில் கணினி சும்மா இருக்கும்போதே 45 பாகை காட்டுகின்றது. ஆகவே விசிறி ஏறுவதும் இறங்குவதுமாய் ஊளையிடும். நாங்கள் 55 பாகைவரை ஒரே தாழ்ந்த வேகத்தையும், 80க்கு மேல் முழு வேகத்தையும் குறித்தோம். மூன்று கம்பி விசிறிக்கு வோல்ற்றளவைக் குறைத்தே வேகத்தைக் குறைக்கவேண்டும். நான்கு கம்பி விசிறி நான்காம் கம்பியால் வரும் துடிப்புகளுக்கு ஏற்பச் சுழலும். அமைப்பில் இதனை மாற்றிக் குறித்தால் மூன்று கம்பி விசிறி ஓயாது முழு வேகத்திலேயே ஓடும்.

என் இல்லம் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே. புகையிரதப் பாதையைத் தாண்டினால் அலைதான். கூடத்தில் பெற்ற துணிவினால் வீட்டுக் கணினியைத் திறந்தேன். அங்கே தூசி கொஞ்சம். ஆனால் திருகாணிகளெல்லாம் செந்துரு ஏறியிருந்தன. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைக் கடந்தால் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். எங்கள் கடற்கரையில் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவைக் கடந்தவையே; மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று உப்பைச் சுமந்து நேரே வீட்டுக்குள் வரும். இங்கு வேகமான விசிறி கூடுதலான உப்பையே உள்ளிழுக்கும். கணினியைக் கடற்பக்க யன்னலிலிருந்து நகர்த்தி, முன்விசிறிக்கு மெல்லிய வலையிட்டு, வேகத்தை மட்டாக வைத்தேன். நீண்ட விடுமுறையிலும் வாரம் ஒருமுறை சில மணிநேரம் இயக்குகின்றோம்; உள்ளிருக்கும் இளஞ்சூடு ஈரத்தை அண்டவிடாது.

அந்த மாணவனை வகுப்பின் முன் அழைத்து, பிழை என்னுடையதென்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மாத இறுதியில் தூரிகையைக் கேட்டு வாங்கியவன் அவன்தான். நான்காம் வரிசையிலிருந்து தொடங்கினான். இப்போது எந்தக் கணினியும் பாடவேளையில் அணைவதில்லை. மேற்குச் சுவரோரம் உள்ள ஒன்று மட்டும் பிற்பகலில் ஐந்தாறு பாகை கூடுதலாகக் காட்டுகின்றது. அந்த யன்னலுக்குத் திரை வேண்டும். பூவேலை செய்த பழைய உறைகள் அலுமாரியில் இருக்கின்றன; அவற்றைப் பிரித்துத் தைக்கலாம் என்று ஆசிரியை சொல்கின்றார்.