படிச்ச படிப்பு எங்கே போகும்?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "பள்ளிக்கூடத்துல படிச்சது பின்னாடி உதவுதா இல்லையான்னு நீ பேசு, நீதான் பத்தாவது படிச்சவ" என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார். அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது பாஸ். கணக்கில் 100-க்கு 47. 35 எடுத்தால் பாஸ் என்பதால் எங்கள் வீட்டில் அதுவே பெரிய விஷயம். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போகணும், பஸ் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் ஆகி வரும்போது மார்க் ஷீட்டைத் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எங்க மாமியார் பார்த்துவிட்டு, "பத்தாவது படிச்சா பருப்பு சீக்கிரம் வேகுமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனோம், என்ன மிச்சம் என்று அடுப்படியில் நின்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பிறகு குழுவில் சேர்ந்தேன். நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் இந்த மகளிர் குழுக்கள் தொடங்கின என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்க அம்மா காலத்துப் பெண்கள் பலர் குழுவுக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போடவே பழகினார்கள். எங்கள் குழுவில் 14 பேர். பத்தாவது முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாம் என் கையில் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. படிச்சவள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்தப் பெருமை எப்படி இறங்கியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எங்கள் குழுவில் ஓர் ஆயா இருக்கிறார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. புளி தட்டிக் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போவார். ஆடு வாங்கக் குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் எடுத்தார். பத்து மாதத் தவணை. அசல் மாதம் 1,000. வட்டி, "மீதமுள்ள தொகைக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்" என்று தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எழுதியதே நான்தான்.

ஆனால் மாதாமாதம் வசூல் எழுதும்போது நான் என்ன செய்தேன்? பத்தாயிரத்துக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் 200. அசலோடு சேர்த்து 1,200. எல்லா மாதமும் ஒரே தொகையாக இருந்தால் எழுத லேசு என்று அப்படியே எழுதி வாங்கிவிட்டேன். ஆறு மாதம் ஓடியது. யாரும் கேட்கவில்லை. படிச்ச பொண்ணு எழுதுது, சரியாத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

ஏழாவது மாதக் கூட்டத்துக்கு ஆயா ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, மற்றவர் காதில் விழாமல் கேட்டார்.

"கண்ணு, கடன் வாங்கின அன்னைக்கு ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு பத்து புளியங்கொட்டை இதுல போட்டு வெச்சேன். ஆயிரம் கட்டினா ஒண்ணு எடுத்துடுவேன். இப்ப டப்பால நாலு கொட்டைதான் இருக்குது. நீ இன்னும் பத்துக் கொட்டைக்கு வட்டி வாங்கறியே?"

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று. "பார்த்துச் சொல்றேன் ஆயா" என்று மட்டும் சொன்னேன். அன்று வசூலை எழுதாமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அன்று இரவு தூங்கவில்லை. கடன் நிலுவையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் தொகை வேறு, தவணை வேறு. எல்லாருக்கும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கினேன். ஆயாவுக்கு வரவேண்டிய வட்டியை வரிசையாக எழுதினேன். முதல் மாதம் 200, அடுத்தது 180, 160, 140... கடைசி மாதம் 20. பார்த்தால் இது நான் படித்ததுதான். கூட்டுத்தொடர்! ஒவ்வொரு எண்ணும் ஒரே அளவு குறைந்துகொண்டே போகும். மொத்தம் வேண்டுமானால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, எத்தனை எண்களோ அதில் பாதியால் பெருக்கினால் போதும். 200-ம் 20-ம் 220. பத்தில் பாதி ஐந்து. 1,100 ரூபாய்.

என் கணக்குப்படி பத்து மாதத்துக்கு 2,000 வாங்கியிருப்பேன். 900 ரூபாய் அதிகம். அது ஆயாவுக்கு எத்தனை நாள் புளிக் கூலி என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடத்தும்போது, "இது எதுக்கு டீச்சர் உதவும்?" என்று நான் எழுந்து கேட்டிருக்கிறேன். "பரீட்சையில் அஞ்சு மார்க்குக்கு உதவும், உட்காரு" என்றார்கள். சொன்னது அவ்வளவுதான். அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை, இது வட்டிக் கணக்கு என்று.

விடிந்ததும் வீட்டில் சொன்னேன். "ஆயாவுக்கு மட்டும் சரி பண்ணிக் கொடு. மத்தவங்க யாரும் கேக்கலியே, எதுக்கு நீயே போய் மாட்டிக்கிற" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. ஆனால் கடன் பேரேட்டில் இருப்பது என் கையெழுத்து. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஐந்து பேர் கணக்கையும் வாசித்தேன். இவ்வளவு அதிகமாக வாங்கியிருக்கிறேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

பணம் எங்கும் போகவில்லை, குழுக் கணக்கில்தான் இருந்தது. இருந்தாலும் சத்தம் வந்தது. "படிச்சவங்கன்னு நம்பினோமே" என்றார் ஒரு அக்கா. புத்தகத்தை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது ஆயாதான் சொன்னார்: "தப்பைக் கண்டது நான். கணக்கைப் போட்டுச் சொன்னது அவ. ரெண்டு பேரும் இருந்தாத்தான் குழு. அவளே எழுதட்டும். ஆனா எழுதறதைச் சத்தமாப் படிக்கட்டும்."

ஆயா ஆறு மாதத்தில் கட்டிய வட்டி 1,200. கட்டியிருக்க வேண்டியது 900. அதிகமான 300-ல் மீதி நாலு மாத வட்டி 200-ஐக் கழித்துக்கொண்டு, 100 ரூபாயைக் கையில் கொடுத்தோம். மற்ற நாலு பேருக்கும் அதே போல நேர் செய்தோம். அன்றிலிருந்து இன்று வரை எங்கள் குழுவில் ஒவ்வொருவரின் மீதிக் கடனையும் வட்டியையும் சத்தமாகப் படித்த பிறகுதான் வசூல் எழுதுகிறோம்.

சகோதரிகளே, இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். நியாயம் எது என்று கண்டுபிடிக்க ஆயாவுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. ஒரு டப்பாவும் பத்துக் கொட்டையும் போதும். ஆனால் ஐந்து பேர் கணக்கை ஒரே இரவில் போட்டு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கிற மாதிரி எழுதி வைக்கப் படிப்பு தேவைப்பட்டது. என்னிடம் மார்க் ஷீட் இருந்தது, அதனால் புத்தகம் என் கைக்கு வந்தது. பாடத்தை நான் மறந்திருந்தேன், அதனால் ஐந்து குடும்பம் நஷ்டப்பட இருந்தது. சான்றிதழ் நம்மை உள்ளே விடும். உள்ளே போன பிறகு உதவுவது பாடம்தான்.

இப்போது அந்தப் பாடம் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. வாசலுக்கே வந்து கடன் தருகிறவர்கள், "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். கேட்க நம்ம குழு வட்டியைவிடக் குறைச்சலாக இருக்கும். உடனே சரி என்று சொல்லாதீர்கள். "வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா?" என்று கேளுங்கள். 10,000 ரூபாயை ஒரு வருஷத்தில் மாதாமாதம் சமமாகக் கட்டி அடைக்கிறோம் என்று வையுங்கள். முழுத் தொகைக்கு என்றால் வட்டி 1,200. மீதித் தொகைக்கு என்றால் 650. சொல்வது ஒரே 12 சதவீதம், வாங்குவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த ஒரு கேள்வியை மட்டும் இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

மற்ற பாடங்களும் வீண் போகவில்லை. தமிழ்ப் பரீட்சையில் எழுதிய விண்ணப்பக் கடிதம்தான், அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இன்றைக்கு நாம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கிற மனு. சோப்புப் பயிற்சியில் காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, சூடேறித் தெறிக்கும் என்றார்கள். காரம், அமிலம் என்று அறிவியலில் படித்தவர்களுக்கு அது உடனே பிடிபட்டது.

டிப்ளமோ பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்தவள். 2012 முதல் தகுதித் தேர்வும் வந்துவிட்டது. இன்னும் வேலை கிடைக்கவில்லை. "கடன் வாங்கிப் படிச்சு என்ன ஆச்சு அக்கா?" என்று கேட்பாள். அவளிடம் நான் பெரிதாக ஆறுதல் சொல்வதில்லை. அவள் வருத்தம் நியாயமானது. ஆனால் சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் எங்கள் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று குழுவில் பேசிக் கொடுக்கிறோம். சம்பளம் என்று சொல்ல முடியாது. சும்மாவும் இல்லை.

எங்கள் காலத்தில் பெண் பத்தாவது வரை படித்திருந்தால் அரசாங்கத்தில் திருமண உதவி கிடைக்கும் என்பதற்காகவே பல வீடுகளில் படிக்கவிட்டார்கள். 2022-ல் அந்தத் திட்டம் புதுமைப்பெண் என்று மாறிவிட்டது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண், கல்லூரியோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ படித்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. கல்யாணத்துக்கு என்று இருந்தது படிப்புக்கு என்று ஆகியிருக்கிறது. நம்ம பெண்களை இதில் விட்டுவிடக் கூடாது.

பாதியில் நின்ற சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. எட்டாவதையும் பத்தாவதையும் தனித்தேர்வராக எழுதலாம். ஐ.டி.ஐ.யில் சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். எங்கள் குழுவில் இரண்டு பேர் எட்டாவதுக்குத் தயாராகிறார்கள். பெட்டிக்கு அடியில் மார்க் ஷீட் வைத்திருப்பவர்கள் எடுத்து, கரையான் அரிக்காமல் உறை போட்டு, நாலு நகல் எடுத்து வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை என்னிடம் யாரும் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டதில்லை. பிறந்த தேதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

எங்க ஆயா அந்தக் கடனை முடித்துவிட்டார். ஆடு குட்டி போட்டு, இப்போது இரண்டாவது கடனில் இருக்கிறார். இப்போதும் கூட்டத்துக்கு அந்த டப்பாவோடுதான் வருகிறார். நான் கணக்கைச் சத்தமாகப் படித்து முடித்ததும் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்து, "சரியாத்தான் இருக்குது, எழுது" என்பார். அதற்குப் பிறகுதான் நான் பேனாவை எடுப்பேன்.