அரிய நோயும் அரசு ஆய்வகமும்

(காட்டாக்கடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையை அடுத்த கண்ணறவிளையில் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலால் உயிரிழந்தார். அவர் குளித்த காவின்குளத்தைப் பயன்படுத்திய வேறு சிலரும் அடுத்தடுத்து நோயுற்றனர். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் இருப்பது கண்டறியப்பட்டது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்ற அவர்கள் வீடு திரும்பினர். இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை உழைக்கும் மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்நோயை உண்டாக்கும் உயிரிகளில் மிகக் கொடியது நேக்லேரியா ஃபௌலேரி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த மால்கம் ஃபௌலர், கார்ட்டர் ஆகியோர் 1965இல் இதை உலகுக்கு அறிவித்தனர். ஃபௌலர் ஒரு நோய்க்குறியியல் நிபுணர். அமீபாவின் பெயரில் நிலைத்திருப்பது அவருடைய பெயரே. அன்று நோய் அறியப்பட்டது பிணப் பரிசோதனையில். உயிர் இருக்கும்போதே அதை அறிவதுதான் இன்றைய போராட்டம்.

வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இந்த அமீபா, நீரைக் குடிப்பதால் தாக்குவதில்லை. மூக்கில் ஏறும் நீருடன் புகுந்து, முகர்வு நரம்பின் வழியே மூளையை அடைகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை. ஆகவே நோயாளியையோ அவர் குடும்பத்தையோ ஒதுக்குவதில் பொருளில்லை.

தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் ஆகிய அறிகுறிகள் பாக்டீரியா மூளைக்காய்ச்சலைப் போலவே இருக்கும். முதுகுத் தண்டிலிருந்து எடுக்கப்படும் நீரிலும் வெள்ளணுக்கள் மிகுந்து, சர்க்கரை குறைந்து, அதே தோற்றம்தான். ஆனால் பாக்டீரியா மட்டும் தென்படாது. அந்த இடத்தில் ஐயம் எழ வேண்டும். எடுத்த நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், உடனே கண்ணாடிச் சில்லில் இட்டுப் பார்த்தால் அமீபா ஊர்ந்து செல்வது தெரியும். தாமதித்தால் அதன் அசைவு அடங்கிவிடும். வெள்ளணு என்று எண்ணிக் கடந்துவிட நேரும். பிசிஆர் பரிசோதனை நோயை உறுதி செய்யும்.

இந்த முதல் சோதனைக்குக் கோடிகளில் விலைபேசும் இயந்திரம் தேவையில்லை. நுண்ணோக்கியும், பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநரும், அவர் இரவிலும் பணியில் இருப்பதும் தேவை. ஒப்பந்த முறையில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆய்வகத்தில் அந்தத் தேர்ந்த கண் உருவாகாது.

நேக்லேரியா தாக்கியவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகவே உலகப் பதிவுகள் கூறுகின்றன. 2024இல் கோழிக்கோடு மாவட்டச் சிறுவன் ஒருவன் அமீபா மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டதும், அதே ஆண்டில் கேரள அரசு தனி வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டதும் குறிப்பிடத்தக்கவை. தேடத் தொடங்கியபின் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. தேடாத இடங்களில் ‘காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல்’ என்று கோப்பு மூடப்படுகிறது. நோயின் அரிதான தன்மையில் ஒரு பகுதி, பரிசோதனை அரிதாக இருப்பதன் விளைவே.

சிகிச்சையில் பயன்படும் மில்டெஃபோசின், பீகாரின் ஏழைகளை வாட்டும் காலா அசார் நோய்க்கும் தரப்படும் மருந்து. வாங்கும் சக்தியற்றோரின் நோய்களில் சந்தைக்கு ஆர்வம் இல்லை. எனவே இத்தகைய மருந்துகளை இருப்பில் வைப்பது அரசின் கடமை.

பாறசாலைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே வெப்பம், ஒரே வகைக் குளங்கள். அமீபாவுக்குச் சோதனைச்சாவடி கிடையாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்பவருக்கும் திருவனந்தபுரம் செல்பவருக்கும் ஒரே பரிசோதனை கிடைக்க வேண்டும்.

எனவே தோழர்கள் ஊராட்சிதோறும் வலியுறுத்த வேண்டியவை தெளிவானவை: குளங்களைத் தூர்வாருதல், கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் குளோரின் இடுதல், ஆய்வகப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புதல். தேங்கிய நீரில் மூழ்காதிருக்கவும், காய்ச்சல் கண்டால் குளத்தில் குளித்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவும் மக்களிடம் எடுத்துரைக்க வேண்டும். அந்த ஒரு சொல், நுண்ணோக்கியை உரிய நேரத்தில் திருப்பும். ஓர் உயிரைக் காக்கும்.