அந்த இரண்டு சதவீதம் யாருடையது?

2017 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சில்லறைக்கு அலைந்து சலித்தவர்கள் போகிற இடமெல்லாம் கார்டை நீட்டிக்கொண்டிருந்த நேரம். அன்றைக்குப் பார்த்து, நள்ளிரவு முதல் கார்டு வாங்க மாட்டோம் என்று பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். பங்க்கில் கார்டு தேய்த்து நடக்கும் விற்பனைக்கு 1 சதவீதம் பிடிக்கப்போவதாகச் சில வங்கிகள் சொல்லியிருந்ததுதான் காரணம்.

ஒரு சதவீதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அப்போது பலர் கேட்டார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் அன்று லிட்டர் 70 ரூபாயை ஒட்டி விற்றது. பங்க்காரருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று எண்ணெய் நிறுவனங்கள் கமிஷன் தருகின்றன. அன்று அது சுமார் இரண்டரை ரூபாய். வங்கி கேட்ட ஒரு சதவீதமோ முழு விலையின் மீது, அதாவது 70 பைசா. கமிஷனில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். மிச்சத்தில்தான் ஆள் சம்பளமும் கரண்ட் பில்லும். மற்ற வியாபாரிகளைப் போல விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்டவும் அவரால் முடியாது. அன்று இரவே வங்கிகள் முடிவைத் தள்ளிவைத்தன. இந்தச் சுமை வாடிக்கையாளர் தலையிலும் பங்க்காரர் தலையிலும் விழாது என்று பிறகு அரசும் சொன்னது.

பங்க்குகள் சங்கமாக நின்றதால் அந்தக் குரல் டெல்லி வரை கேட்டது. தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. மாதச் சாமான் 5000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். அதில் அவருக்கு 250 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டைத் தேய்த்து, அதற்குக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 100 ரூபாய் போயிற்று. அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வேறு. "மெஷின் வேலை செய்யலீங்க, கேஷ் இருக்கா?" என்று அவர் கேட்டால், வரி ஏய்க்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கலாம். ஆனால் பல கடைகளில் அது லாபத்தில் கிட்டத்தட்ட பாதியைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சிதான்.

இந்தப் பணம் எங்கே போகிறது? எம்.டி.ஆர். என்று வங்கிக்காரர்கள் சொல்லும் இந்தக் கட்டணத்தில், கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கு ஒரு பங்கு. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு ஒரு பங்கு. பெரும்பங்கு பொதுவாக உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. கிரெடிட் கார்டில் அந்த வங்கி சில வாரங்கள் வட்டியில்லாமல் கடன் தருகிறது, பணம் திரும்பாமல் போகும் ஆபத்தையும் ஏற்கிறது. அதற்கு ஒரு விலை இருப்பது நியாயம். ஆனால் கேஷ்பேக், ரிவார்டு புள்ளி, விமான நிலைய ஓய்வறை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கட்டணத்திலிருந்துதான் பணம் வருகிறது. கடைக்காரர் அதை விலையில் ஏற்றினால், அதே கடையில் ரொக்கம் கொடுத்துப் பருப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்த ஓய்வறைக்குச் சேர்த்துக் கொடுக்கிறார். எனக்கு இதில் மனம் ஒப்பவே இல்லை.

கட்டணம் அதிகமான கார்டை மட்டும் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடாதா? அங்கேதான் முடிச்சு. ஒரு வலையமைப்பின் கிரெடிட் கார்டை ஏற்றால், அதன் சாதாரண கார்டையும் சலுகைகள் நிறைந்த உயர்ரகக் கார்டையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு நெடுங்காலமாக வைத்திருக்கும் விதி. அதனால் அந்த வலையமைப்பையே மறுப்பதுதான் கடைக்காரருக்குக் கிடைக்கும் வழி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1991இல் உணவகக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 3 சதவீதத்துக்கும் மேல் பிடிக்கிறது என்று சொல்லி அந்தக் கார்டைப் புறக்கணித்தார்கள். நிறுவனம் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் சட்டமே போட்டது: கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கு டெபிட்டில் 0.2 சதவீதம், கிரெடிட்டில் 0.3 சதவீதம், அதற்கு மேல் கூடாது.

நம் நாட்டில் டெபிட் கார்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2018 முதல், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடையில் மெஷினில் தேய்த்தால் 0.40 சதவீதம், பெரிய கடையில் 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. நகைக்கடையில் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும்" என்று கேட்பது இதனால்தான். டெபிட் கார்டுக்கும் சேர்த்து அப்படிக் கேட்டால் மறுத்துப் பேசுங்கள். அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் சொல்லியிருக்கிறது.

2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் இந்தக் கட்டணமே இல்லை என்றாயிற்று. மெஷின் வாங்கத் தயங்கிய பெட்டிக்கடையிலும் இளநீர் வண்டியிலும் கியூ.ஆர். அட்டை தொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தச் செலவு மாயமாகிவிடவில்லை. சிறு வணிகர்களின் யு.பி.ஐ. பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க, 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு 1500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவும் நம் வரிப்பணம். என்றாலும், ஒரு டீக்கடைக்காரர் தலையில் விழுவதைவிட ஊர் கூடிச் சுமப்பது மேல் என்றே நினைக்கிறேன்.

இப்போது அதே கியூ.ஆர். அட்டைக்குள் கிரெடிட் கார்டும் நுழைந்திருக்கிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்துக்கொள்ளலாம். சிறு கடைகளில் 2000 ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் உண்டு. ஆகவே பில் பெரிதாக இருக்கும்போது "பேங்க் அக்கவுண்ட்லேர்ந்து போடுங்க" என்று கடைக்காரர் சொன்னால், அவர் கேட்பது தன் லாபத்தில் மிஞ்சுகிற அந்தச் சில ரூபாயைத்தான். கணக்கில் பணம் இருந்தால் அப்படியே செலுத்திவிடுங்கள்.