சிரிப்புக்குச் சம்பளம் கொடுத்தவர்கள்



2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் புகுந்த கடல், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். காணாமற்போனவர்களைத் தேடும் வேலைகூட முடியாத 2005 ஜனவரியில், நியூயார்க்கின் ஹாட் 97 வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சி அந்தச் சாவுகளை வைத்துப் பாட்டுக் கட்டியது. மெட்டு, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985இல் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதிய ‘வி ஆர் த வேர்ல்ட்’ பாடலுடையது. பட்டினி கிடந்தவர்களுக்காகப் பிறந்த அந்த மெட்டில், மிதந்துபோன தாய்மாரும் அடிமைகளாக விற்கப்படப்போகும் பிள்ளைகளும் கேலிப்பொருளானார்கள். பாட்டில் வந்த வசைச்சொல் சீனர்களைப் பழிப்பது. செத்தவர்களோ இந்தோனேசியாவின் ஆச்சே மக்கள், தமிழர், சிங்களர், தாய்லாந்தினர். செத்தது யார் என்று பார்க்கும் சிரமத்தைக்கூடக் கேலி செய்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குழுவிலேயே ஒருவர் மறுத்தார். ‘மிஸ் இன்ஃபோ’ என்ற பெயரில் பேசிவந்த, கொரிய வம்சாவளியில் வந்த தொகுப்பாளினி, இதில் தனக்குப் பங்கில்லை என்று ஒலிபரப்பிலேயே சொன்னார். அதற்கும் கிண்டல்தான் கிடைத்தது.

பிறகு எதிர்ப்பு மூண்டது. நியூயார்க் நகரமன்ற உறுப்பினர் ஜான் லியூ போராட்டத்தில் முன்னின்றார்; விளம்பரதாரர்கள் விலகினார்கள். பாட்டை எழுதிய தயாரிப்பாளர் ரிக் டெல்காடோவும், ஆசியரைச் சுடுவதைப் பற்றி ‘ஜோக்’ அடித்த டாட் லின்னும் வேலை இழந்தனர். நிகழ்ச்சியின் முகமான மிஸ் ஜோன்ஸுக்கு இரண்டு வார இடைநீக்கம். அதற்குப் பின் அவர் மைக்குக்குத் திரும்பிவிட்டார். உரிமையாளரான எம்மிஸ் நிறுவனம் சுனாமி நிவாரணத்துக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது.

வானொலிக் கேலியை ஆராயும் இந்தக் கருத்தரங்கு கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாய் தவறி வந்த ஒரு சொல்லாக இருந்தால் பேசியவரோடு கணக்கு முடிந்துவிடும். பாட்டு அப்படி வருவதில்லை. ஒருவர் எழுத, ஒருவர் பாட, ஒருவர் பதிவு செய்ய, அது திரும்பத் திரும்ப ஒலித்தது. அத்தனை முறையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நிர்வாகத்துக்கு, விளம்பரம் போன பிறகுதான் காது திறந்தது.

டான் ஐமஸ் கதை இதைவிடத் தெளிவானது. 2007 ஏப்ரல் 3 அன்று அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டத்தில் ரட்கர்ஸ் அணி டென்னஸியிடம் தோற்றது. மறுநாள் காலை, முப்பது ஆண்டுக்கும் மேலாக வானொலியில் கோலோச்சிய ஐமஸ், அந்த மாணவிகளின் தலைமுடியைப் பழித்து, ‘வேசிகள்’ என்று பொருள்படும் கொச்சைச் சொல்லையும் சேர்த்துச் சிரித்தார். அணியில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஏப்ரல் 9ஆம் தேதி இரண்டு வார இடைநீக்கம் அறிவிக்கப்பட்டது. அதோடு முடித்துக்கொள்ளத்தான் நிறுவனங்கள் நினைத்தன. ஆனால் பிராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்று வரிசையாக விளம்பரதாரர்கள் கழன்றுகொண்டார்கள். 11ஆம் தேதி எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கைவிட்டது. 12ஆம் தேதி சிபிஎஸ் வானொலி ஐமஸை வெளியேற்றியது. இரண்டு வாரத் தண்டனை மூன்றே நாளில் நிரந்தரத் தண்டனையானதற்கு, இடையில் புதிதாக எந்த அறமும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. ஐமஸ் தரப்பு வழக்கறிஞர் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டினார்: துடுக்காகவும் சர்ச்சைக்கிடமாகவும் பேசுவதையே நிறுவனம் அவரிடம் எதிர்பார்க்கிறது என்று அதில் ஒரு விதி இருந்தது. அதாவது, எதற்காகச் சம்பளம் தரப்பட்டதோ அதற்காகவே வேலை பறிபோயிருக்கிறது. ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. டிசம்பர் 3ஆம் தேதி ஐமஸ் வேறொரு நியூயார்க் நிலையத்தில் மறுபடியும் காலை வணக்கம் சொன்னார். 2018 வரை பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இதில் அரசு எங்கே என்று கேட்கலாம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஆபாசத்துக்கு அபராதம் போடும். இனத்தைப் பழிக்கும் சொல்லில் தலையிட அதற்கு அதிகாரமில்லை. 2002 ஆகஸ்டில் ஓப்பி, ஆண்டனி என்ற வானொலித் தொகுப்பாளர்கள் இருவர், பொது இடங்களில் உடலுறவு கொள்ளும் ஜோடிக்குப் பரிசு என்று போட்டி நடத்தி, அது புனித பாட்ரிக் பேராலயம்வரை போய்ச் சேர்ந்தது. இருவருக்கும் வேலை போயிற்று. உரிமையாளருக்கு 3,57,500 டாலர் அபராதம் விழுந்தது. சுனாமிப் பாட்டுக்கு அப்படி எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. அந்த வெற்றிடத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் விளம்பரதாரர். அவர் நல்ல தீர்ப்பும் சொல்வார் என்பது ஐமஸ் விஷயத்தில் தெரிகிறது. ஆனால் தன் பொருளையோ தனக்கு வேண்டிய அரசியல்வாதியையோ நையாண்டி செய்பவரையும் அதே கையால் அவர் வெளியேற்ற முடியும். இதை ஆய்வாளர்கள் மறந்துவிடக் கூடாது.

விளம்பரமே இல்லாத பிபிசியில் காட்சி வேறு. 2008 அக்டோபரில் தொகுப்பாளர்கள் ரசல் பிராண்டும் ஜொனாதன் ராஸும், எழுபத்தெட்டு வயது நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில் அவருடைய பேத்தியைப் பற்றி அருவருப்பான செய்திகளைப் பதிந்தார்கள். அது நேரலை அல்ல. முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டு, மேலிடம் அனுமதித்து, இரண்டு நாள் கழித்து ஒலிபரப்பானது. முதலில் வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘மெயில் ஆன் சண்டே’ பத்திரிகை எழுதிய பிறகு அவை பல்லாயிரமாகின. பிராண்ட் விலகினார், ராஸுக்கு 12 வாரம் சம்பளமில்லை. ஆனால் இங்கே அலைவரிசைத் தலைவி லெஸ்லி டக்ளஸும் பதவி விலகினார். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அனுமதி தந்த கையும் பேசிய வாயோடு சேர்ந்து பதில் சொன்ன அபூர்வ நிகழ்வு இது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்திருக்கிறது. 2007இல் டார்ஜிலிங்கைச் சேர்ந்த கொல்கத்தா போலீஸ்காரர் பிரசாந்த் தமாங் ‘இந்தியன் ஐடல்’ போட்டியில் வென்றபோது, டெல்லி ரெட் எஃப்எம்மில் ஓர் ஆர்ஜே, நேபாளிகள் பாட வந்துவிட்டால் வீட்டுக்குக் காவல் யார் என்கிற ரீதியில் கிண்டலடித்தார். கோர்க்கா மக்கள் கொதித்தார்கள். சிலிகுரியில் கலவரம் வெடித்தது. மத்திய அரசு நிலையத்தையே சில நாள் மூடிவைத்தது. நியூயார்க்கில் சந்தை செய்ததை டெல்லியில் அமைச்சகம் செய்தது. ஓர் ஆர்ஜே சொன்ன சொல்லுக்கு, இசை மட்டும் போட்டுக்கொண்டிருந்த மற்ற நேரத்து ஊழியர்களும் வாயடைத்துப் போனார்கள். இது சரியான அளவுகோல் என்று ஒப்புக்கொள்வது கடினம்.

ஆகவே இங்கே வாசிக்கப்படும் கட்டுரைகள், அவர் சொன்னது தப்பா, அவரை நீக்கியது சரியா என்ற இரு கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். பெரும்பாலான வழக்குகளில் அந்த இரண்டுக்கும் விடை எளிது: தப்புதான், சரிதான். கடினமானவை வேறு கேள்விகள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது? ஒலிப்பதிவை யார் கேட்டு அனுமதித்தார்? அதே மனிதரின் முந்தைய வசைகளுக்கு நிலையம் சம்பளத்தைக் கூட்டியதா, குறைத்ததா? புண்பட்டவர்களிடம் யாராவது நேரில் போனார்களா? தமிழ்ப் பண்பலை நிலையங்களில் நிறத்தையும் உடம்பையும் மாமியாரையும் வைத்து நாள்தோறும் நடக்கும் கேலியையும், அதை அனுமதிக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளரையும் சேர்த்தே ஆராயுங்கள். கட்டுரையாளர்கள் தொடங்கலாம்.