விரைவாக விழிப்பதைத்தான் துணிந்து தூங்க வைக்கலாம்



கைத்தொலைபேசி, மடிக்கணினி, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா, சட்டைப்பையில் கிடக்கும் தம்ப் டிரைவ் ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபூஜியோ மசுவோக்கா 1984ஆம் ஆண்டில் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் அதை மக்கள் கையில் கொடுத்தது. எனவே இந்தச் சில்லு சிங்கப்பூருக்கு அந்நியமான ஒன்றன்று.

மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது என்பதே ஃபிளாஷின் சிறப்பு. அப்படியானால் வேலை இல்லாத நேரத்தில் அதை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது எழுப்பினால் போதுமே? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அழியாமல் இருப்பது சேமித்த தகவல் மட்டும்தான். அந்தச் சில்லுகளை ஆட்டிவைக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு என்று ஒன்று உண்டு. எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற வரைபடம் அதனிடம்தான் இருக்கிறது. 1 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டுக்கு இந்த வரைபடமே ஏறத்தாழ 1 கிகாபைட் பிடிக்கும். ஆழ்ந்த தூக்கத்தில் தற்காலிக நினைவகத்தின் மின்சாரம் நிறுத்தப்பட்டால் அதிலிருக்கும் வரைபடமும் போய்விடும். எழுந்தவுடன் மின்னழுத்தம் நிலைபெற வேண்டும். கணினியோடு தொடர்பு மீண்டும் ஏற்பட வேண்டும். வரைபடத்தை ஃபிளாஷிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். அதுவரை கணினி காத்திருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம்? சாட்டா எனப்படும் இணைப்பு முறையில் மூன்று வகைத் தூக்கம் உண்டு. ‘பார்ஷியல்’ என்ற இலேசான தூக்கத்திலிருந்து 10 மைக்ரோ விநாடிக்குள் எழ வேண்டும். ‘ஸ்லம்பர்’ நிலைக்கு வரம்பு 10 மில்லி விநாடி. ‘டெவ்ஸ்லீப்’ என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் பொதுவான வரம்பு 20 மில்லி விநாடி. தூக்கம் ஆழமாக ஆக மின்சாரம் மிச்சமாகிறது. எழும் நேரமோ கூடுகிறது.

இருபது மில்லி விநாடி ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். ஃபிளாஷிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்க 100 மைக்ரோ விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு காத்திருப்பில் 200 பக்கங்களைப் படித்து முடித்திருக்கலாம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை தூங்கி எழும் கருவிக்கு இது சிறிய கணக்கன்று.

உணவங்காடியில் ரொட்டி சானாய் போடுபவரைப் பாருங்கள். கூட்டம் இல்லாதபோது அவர் அடுப்பை முழுவதும் அணைப்பதில்லை. சிறுதீயில் கல்லைச் சூடாக வைத்திருப்பார். நெடுநேரம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் மட்டுமே அணைப்பார். அணைத்து அணைத்துப் பற்றவைத்தால், குளிர்ந்த கல் மீண்டும் சூடாகும்வரை காத்திருக்க நேரும். பொறியாளர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஃபிளாஷ் சில்லுக்குள் உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் பகுதியைச் சில வடிவமைப்புகளில் முற்றிலும் நிறுத்தாமல், சிறிதளவு மின்சாரத்தில் தயார் நிலையில் வைக்கிறார்கள். முழு வரைபடத்துக்கும் காத்திராமல் உடனே தேவைப்படும் பகுதியை மட்டும் முதலில் ஏற்றுகிறார்கள். முதலில் இலேசான தூக்கம், வேலை வரவில்லையென்றால் ஆழ்ந்த தூக்கம் என்று படிப்படியாக இறக்குகிறார்கள்.

என்விஎம்இ என்ற புதிய இணைப்பு முறையில் இன்னும் ஒரு படி முன்னேற்றம். ஒவ்வொரு தூக்க நிலைக்கும் உள்ளே போக எவ்வளவு நேரம், வெளியே வர எவ்வளவு நேரம் என்பதை வட்டே கணினியிடம் சொல்லிவிடுகிறது. எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. லினக்ஸ் இயங்குதளம் 2017ஆம் ஆண்டில் இந்த வசதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் சில மடிக்கணினிகளில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போன வட்டு சரியாக எழவில்லை. அத்தகைய கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. விரைவாக எழுவதோடு தவறாமல் எழுவதும் முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

இதனால் பொதுமக்களுக்கு என்ன? சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் பயன்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குச் சென்றது. 2019 முதல் புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டு, 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஜொகூரிலும் இந்த நிலையங்கள் பெருகி வருகின்றன. அந்த மின்சாரத்தில் வட்டுகளின் பங்கு ஒரு பகுதிதான். ஆனாலும் அங்குள்ள வட்டுகளை ஆழ்ந்து தூங்கவிட நிர்வாகிகள் தயங்குகிறார்கள். தாமதமாக எழுந்தால் வாடிக்கையாளர் காத்திருக்க நேரும் என்ற அச்சமே காரணம். எழும் நேரம் குறையக் குறைய அந்த அச்சமும் குறையும். ஆகவே தாமதத்தைக் குறைக்கும் முயற்சியை வேகத்துக்கான முயற்சி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அது மின்சாரச் சிக்கனத்துக்கான முயற்சியும்கூட.

வீட்டிலும் இதைப் பின்பற்றலாம். எப்போதும் மின்சாரத்தில் இணைந்திருக்கும் கணினியில் வேகம் முக்கியமென்றால் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் தூக்கத்தை அனுமதித்துவிட்டு, சிறு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் வட்டு வாங்கும்போது பெட்டியின் மேல் ஒரு விநாடிக்கு இத்தனை மெகாபைட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். தூக்கத்திலிருந்து எழ எவ்வளவு நேரம் ஆகும் என்பது அங்கே பெரும்பாலும் இருக்காது. வாங்குபவர்கள் அதையும் கேட்கத் தொடங்கினால் தயாரிப்பாளர்களும் அதைச் சொல்லத் தொடங்குவார்கள்.